மழை இரவிலும் பார்க்கும் கண்

(ஜீவனஹள்ளியில் கற்போர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2015 டிசம்பர் 1. சென்னையில் பேய்மழை. அடையாறு கரை புரண்டது. விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. பல இடங்களில் மின்சாரம் இல்லை. போன் இல்லை. சென்னையில் அக்காவும் அண்ணனும் இருப்பவர்கள் இங்கே பெங்களூரில் தவித்தார்கள். எந்தத் தெருவில் தண்ணீர்? யாரைக் கேட்பது?

வானத்திலிருந்து படம் எடுக்கலாம். ஆனால் சாதாரணக் காமிராவை மேகம் மறைக்கும். இரவில் அதற்குக் கண் தெரியாது. அப்போது உதவுவது ரேடார் செயற்கைக்கோள்.

ரேடாருக்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. அது தானே ரேடியோ அலைகளைக் கீழே அனுப்புகிறது. பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு படம் உண்டாக்குகிறது. இந்த அலைகள் மேகத்தைத் தாண்டிச் செல்லும்.

ஒரு பந்தை நினைத்துப் பாருங்கள். வழவழப்பான தரையில் சாய்வாக எறிந்தால், அது அப்பால் போய்விடும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் எறிந்தால், எறிந்தவரிடமே திரும்பும். ரேடார் அலையும் அப்படித்தான். அசையாத தண்ணீரில் பட்டால் திரும்பாது. படத்தில் அந்த இடம் கறுப்பு. கட்டடத்தில் பட்டால் திரும்பி வரும். அந்த இடம் வெள்ளை.

சென்னையின் ரேடார் படத்தில் வீடுகள் வெள்ளையாகத் தெரியும். அடையாறும் கூவமும் கறுப்புக் கோடுகள். ஏரிகள் கறுப்புத் திட்டுகள். துறைமுகத்துக் கப்பல்கள் வெள்ளைப் புள்ளிகள்.

ஆனால் விமானம் ஓடும் தார்ப்பாதையும் வழவழப்புதான். அதுவும் கறுப்பாகவே தெரியும். அப்படியானால் வெள்ளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மழைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் அருகருகே வைக்கிறார்கள். புதிதாகக் கறுத்த இடமே வெள்ளம். 2015-இலும் ரேடார் படங்களைக் கொண்டு வெள்ள வரைபடங்கள் தயாராயின. ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் இந்த வேலையைச் செய்கிறது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நிசார்' என்ற ரேடார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இது இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. இதன் பாகங்களை ஒன்று சேர்த்த இடம் பெங்களூர்தான். இது 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரே இடத்துக்கு மேல் 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் வருகிறது.

இந்தக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. நெருக்கமான வீடுகளின் நடுவே உள்ள சந்தில் தண்ணீர் நின்றால், அது சரியாகத் தெரியாது. அலைகள் தண்ணீரில் பட்டு, சுவரில் மோதித் திரும்பிவிடும். சந்து கறுப்பாகத் தெரியாது. ஏழைகளின் வீடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்துகளில்தான் இருக்கின்றன.

அங்கே என்ன நடந்தது என்பதை, அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். சென்னையானாலும் ஜீவனஹள்ளியானாலும் வழி ஒன்றுதான். வெள்ளம் வந்தால் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஒரு நோட்டில் தெருவின் பெயர், தண்ணீர் எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது என்று குறித்து வையுங்கள். அடுத்த மழைக்கு முன் அதிகாரிகளிடம் அதைக் காட்டுங்கள். வடிகால் கேட்க அந்த நோட்டே சாட்சி.