கோதுமை ஆகாதவருக்கும் பந்தியில் இடம் உண்டு

(கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



1264ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் உர்பான் இந்தப் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் இந்நாளில் நாம் அப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அப்பம் வாழ்வு தருகிறது, வலிமை தருகிறது, நம்மை ஒரே உடலாக்குகிறது என்று சொல்கிறோம். அத்தனையும் உண்மை. ஆனால் அப்பம் செய்யும் கோதுமையே ஒருவருடைய உடலுக்கு ஆகாமற்போனால், அவர் இந்தப் பந்தியில் எங்கே அமர்வது? இன்று நாம் இந்தக் கேள்வியைச் சிந்திப்போம்.

இது ஏட்டுக் கேள்வி அல்ல. புதுநன்மைக்குத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் தாய் நம்மிடம் கேட்ட கேள்வி. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. இரத்தசோகை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், சத்து டானிக் கொடுத்தார்கள், கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். நான்கு ஆண்டுகள் இப்படியே ஓடின. கடைசியில் ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து, குழாய்க் கருவி மூலம் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, ‘சீலியாக்’ நோய் என்று உறுதிசெய்தார். இனி ஆயுளுக்கும் கோதுமை கூடாது என்றார். அந்தத் தாய் நம்மிடம் வந்து சொன்னது இதுதான்: “கோதுமைய விட்டுடலாம் சாமி, நாங்க சோறு திங்கிறவங்கதானே. நற்கருணைய எப்படி சாமி விடுறது?”

அன்பர்களே, இந்த நோயைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசையும்போது இழுத்தால் நீளுகிற பசைத்தன்மையைத் தருவது அதுதான். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. சீலியாக் நோய் உள்ளவருக்கோ, அந்தப் புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. உண்ட உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. சிலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இருக்காது. இரத்தசோகையாகவோ எலும்புத் தேய்வாகவோ மட்டும் வெளிப்படும். உலக அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது உண்டு. நம் நாட்டில் கோதுமை மிகுதியாக உண்ணும் வட மாநிலங்களில் அதிகம், தெற்கே குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே பலருக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. ஒன்றை நினைவில் வைப்போம்: சந்தேகம் வந்தவுடன் நாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சீலியாக் என்ற பெயர், வயிறு எனப் பொருள்படும் ‘கொய்லியா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எலிசபெத்து மரியாவை வாழ்த்தும் இடத்தில் புனித லூக்கா எழுதியிருப்பதும் அதே சொல்தான். அருள்நிறைந்த மரியே செபத்தில் திருவயிறு என்று நாம் சொல்கிறோமே, அதுவே. நோய்ப் பெயருக்குள் மாதாவின் வாழ்த்துச் சொல்லும் இருப்பது அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருந்தது.

இந்த நோய்க்குக் கோதுமையே காரணம் என்று நிலைநாட்டியவர் வில்லெம் காரெல் டிக்கே என்ற ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். 1930களிலிருந்தே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து மக்கள் கொடும் பட்டினியில் வாடினார்கள். ரொட்டி கிடைக்கவில்லை. அந்தப் பஞ்சத்திலும் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். மீண்டும் ரொட்டி வந்தபோது மீண்டும் நலிந்தார்கள். அவர் தொடர்ந்து ஆய்ந்து 1950இல் தம் முடிவுகளை ஆய்வேடாக வெளியிட்டார். இன்றும் இதற்கு மாத்திரை இல்லை. குளுட்டன் இல்லாத உணவே மருந்து, ஆயுள் முழுவதும்.

நம் மண்ணில் அதற்கு வழி இருக்கிறது என்பதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். சோறு, இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளம், தினை, வரகு எல்லாமே இவர்களுக்கு ஆகும். ஆனால் ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமையே. கடையில் விற்கும் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் சேர்ந்த சத்துபானங்களில் பார்லி இருக்கும். ரவா தோசை வார்த்த கல்லில் வார்த்த சாதா தோசையும், கோதுமை அரைத்த மில்லில் அரைத்த அரிசி மாவும் கூடாது. பத்து இலட்சத்தில் இருபது பங்குக்கு மேல் குளுட்டன் இருந்தால், அந்த உணவுக்குக் குளுட்டன் இல்லாதது என்ற பெயரே கிடையாது. அவ்வளவு நுணுக்கம்.

இதனால்தான், “ஒரு வாய் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது” என்ற நம் உபசரிப்பு இவர்களுக்குப் பெரும் பாரமாகிறது. அதைவிடப் பாரமான சொல் ஒன்று அந்தத் தாயின் காதில் விழுந்தது. “நற்கருணை ஆண்டவர் பிள்ளைக்கு நோவு குடுப்பாரா? விசுவாசத்தோட வாங்க வை” என்று தெரிந்தவர்களே சொன்னார்கள். பக்தியால் சொன்னதுதான். ஆனால் திருச்சபையின் போதனை அதுவல்ல.

திருப்பலியில் அப்பத்தின் உட்பொருள் ஆண்டவரின் உடலாக மாறுகிறது. அப்பத்தின் தோற்றங்களோ, அதாவது நிறம், மணம், சுவை, உடலில் அது செயல்படும் விதம் எல்லாம், அப்படியே இருக்கின்றன. புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகக் கற்பித்தார். திருக்கிண்ணத்தில் நஞ்சு கலந்திருப்பது தெரியவந்தால் குரு அதைப் பருகவும் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வாழ்வின் கிண்ணம் யாருக்கும் சாவின் கிண்ணம் ஆகிவிடக் கூடாது என்பதே அவர் காட்டும் காரணம். ஆகவே, “என் பிள்ளைக்கு இந்த ஓஸ்தி ஆகாது” என்று சொல்லும் தாய் விசுவாசம் குறைந்தவர் அல்லர். கடவுள் தம்மிடம் ஒப்படைத்த உயிரைக் காப்பவர் அவர்.

அப்படியானால் அரிசி மாவில் ஓஸ்தி செய்தால் என்ன என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அருளடையாளங்களுக்குத் திருச்சபை உரிமையாளர் அல்ல, பணியாளர். ஆண்டவரிடமிருந்து பெற்றதையே அது கையளிக்கிறது. எனவே நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 கூறுகிறது. குளுட்டன் முழுவதும் நீக்கப்பட்ட ஓஸ்தி செல்லாது என்று உரோமை 2003இலும் 2017இலும் எழுதிய மடல்களில் மீண்டும் நினைவூட்டியது.

இதைக் கேட்டதும் கதவு அடைபட்டதுபோல் தோன்றும். ஆனால் அதே 2003ஆம் ஆண்டு மடல், இந்த நோயால் அப்பத்தை உட்கொள்ள இயலாத பொதுநிலையினர் திருஇரத்தத்தை மட்டும் பெறலாம் என்று சொல்கிறது. தேவையானால் இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கலாம் என்பது சட்டம் 925. இது ஏதோ அரைகுறைச் சலுகை அல்ல. அப்ப வடிவிலும் முழுக் கிறிஸ்து, இரச வடிவிலும் முழுக் கிறிஸ்து. வடிவத்தின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் முழுக் கிறிஸ்து. இது திரிதெந்து பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய விசுவாசம். நாம் அப்பத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, ஆண்டவரைப் பாதியாகப் பெற்றோம் என்று நினைப்பதில்லை. அவர்களும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிளைட் என்ற ஊரில் வாழும் பெனடிக்டின் சகோதரிகள் பல ஆண்டுகள் முயன்று, கோதுமையாலேயே, குளுட்டன் 0.01 விழுக்காடு மட்டுமே கொண்ட ஓஸ்தியை உருவாக்கினார்கள். இத்தகைய குறைந்த குளுட்டன் ஓஸ்தி செல்லத்தக்கது. மருத்துவரிடம் கேட்டு, பங்குத்தந்தை வழியாக ஆயரின் அனுமதி பெற்று இதைப் பயன்படுத்தலாம். அதுவும் ஆகாதவர்களுக்குக் கிண்ணம் இருக்கிறது.

ஆனால் அன்பர்களே, வழி ஏட்டில் இருந்தால் போதாது. பீடத்தருகே இருக்க வேண்டும். குருவின் கிண்ணத்தில் அப்பத்தின் சிறு துண்டு போடப்படுகிறது. அதனால் அந்தக் கிண்ணம் இவர்களுக்கு ஆகாது. காணிக்கை நேரத்திலேயே தனிச் சிறு கிண்ணத்தில் இரசம் வைத்து, மூடி, அப்பத்துகள் விழாமல் காக்க வேண்டும். ஓஸ்தி தொட்ட விரல் அதில் படக் கூடாது. அவர்கள் முதலில் வந்து பருகிச் செல்வது நலம். இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தச் சிறுமி தன் புதுநன்மை நாளில் அப்படித்தான் ஆண்டவரைப் பெற்றாள். தோழிகள் ஓஸ்தி வாங்கிய அதே வரிசையில், அவர்களைப்போலவே வெள்ளை உடுப்பில், ஒரு மிடறு.

கொரிந்து நகர் மக்கள் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது சிலர் உண்டு நிறைந்தார்கள், சிலர் பசியோடு நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் பவுலடிகளார் மனம் கொதித்தார். அவர்களிடம் அப்பத்துக்குக் குறை இல்லை. அடுத்தவரைப் பற்றிய நினைவுதான் இல்லை. இன்று நம் பங்கில் நற்கருணை நேரத்தில் இருக்கையிலேயே அமர்ந்திருப்பவரைப் பார்த்து, “என்ன பாவத்தில் இருக்கிறாரோ” என்று நாம் நினைப்பதுண்டு. இனி அப்படி நினைக்கும் முன், “அவருக்கு என்ன தேவையோ” என்று நினைப்போம். அன்பியக் கூட்டத்தில் பிஸ்கட் தட்டோடு நான்கு வாழைப்பழமும் வைப்போம். திருவிழா அசனத்தில் பெருங்காயம் போடும் முன் ஒரு சட்டி சாம்பாரைத் தனியே எடுத்து வைப்போம். ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் வற்புறுத்தாமல் விடுவோம். இந்த நோயோடு வாழும் அன்பர்களே, நீங்களும் கூச்சப்படாமல் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது எங்கள் கடமை.

ஆண்டவரே, உம் பந்தியில் யாரும் பசியோடு எழுந்து போகாதபடி, ஒருவர் தேவையை ஒருவர் அறிந்து நடக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். உணவே நோயாகிப்போன பிள்ளைகளுக்கு உடல்நலமும், அவர்களுக்காகத் தனிச் சட்டியில் சமைக்கும் தாய்மாருக்கு உள்ள உறுதியும் அருளும். ஆமென்.