தெருமுனையில் நின்றுவிடும் சிலிண்டர்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுறவன், வங்கியில கிளார்க்கு. இவன் எதுக்கு சிலிண்டரப் பத்திப் பேசுறான்னு நினைப்பீங்க. மானியம் ஏறிடுச்சான்னு பாஸ்புக்கோடு என் கவுண்டருக்கு வரும் பெண்கள்தான் பேச வைத்தார்கள். 2016 மே 1இல் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண்கள் பேரில் இணைப்பு வந்தது. மேற்பார்வை வந்ததா?

எங்கள் சேரிக்குள் சிலிண்டர் வண்டி வராது. ஊர்த்தெருவில் அடுப்படிவரை போகும். நமக்கு மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு ஹாரன் அடிப்பார்கள். அம்மா உருட்டிக்கொண்டே வருவார். கேட்டால், சந்து குறுகலாம். ஓட்டுக் கேக்குற ஜீப் மட்டும் நுழையுது.

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. நாக்பூரில் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் தலைமையகம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள் இருக்கின்றன. இத்தனையும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் நம் வாசல். அங்கேதான் சீலைக் காட்டி, எடை போட்டு, மூடியைக் கழற்றி, வால்வில் கசிவு பார்க்க வேண்டும். புளியமரத்தடியில் யார் பார்ப்பது?

ஒருநாள் ராத்திரி வீட்டில் நாற்றம். வால்வுக்குள் வாஷர் இல்லை. அம்மா சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டதால் பிழைத்தோம். ஏஜென்சியில் போய்க் கேட்டேன். "நீங்க உருட்டிட்டுப் போனதால கெட்டிருக்கும்" என்றார்கள். உருட்ட வைத்தது யார்?

சிலிண்டரைக் கொண்டு வருபவரும் கூலிக்காரர்தான். அவரோடு நமக்குச் சண்டையில்லை. கேள்வி ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும்.

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்தில் ஒன்றும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். இலக்கம் வருஷம். அந்தக் கெடு தாண்டியதை வாங்காதீர்கள். காலி எடையும் அங்கேயே இருக்கும்; அதோடு 14.2 கிலோ சேர்ந்தால்தான் சரியான எடை. ரப்பர் டியூபை ஐந்து வருஷத்துக்குள் மாற்றுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும்; குடிசையில் நாம் படுப்பதும் தரையில்தான். கசிந்தால் 1906க்குப் போன் பண்ணுங்கள்.

விபத்து நடந்தால் எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்துள்ள காப்பீடு உண்டு. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது தெரியாமலே எத்தனை வீடு எரிஞ்சு, இழவு எடுத்து, ஓய்ஞ்சு போயிருக்கும்?

வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கூலியும் பில்லில் சேர்ந்தே இருக்கிறது. நாமும் முழு விலைதான் கொடுக்கிறோம். அதனால் மாணவர்களே, இந்த வாரம் ஒவ்வொரு சேரியிலும் கையெழுத்து வாங்குங்கள். எழுத ஒரே வரி போதும்: எங்கள் வாசலில் வந்து சோதித்துக் கொடு.

வண்டி உள்ளே வரட்டும், தோழர்களே.