முயிற்றின் அரசியும் மரகதப் பச்சையும்



கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்கு முயிற்றை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாமரத்திலோ ரம்புத்தான் மரத்திலோ ஏறியவர் அதனிடம் கடிபடாமல் இறங்கியிருக்க மாட்டார். மலாய் அன்பர்கள் அதனைக் கெரெங்கா என்பர். நம் வீட்டுப் பேச்சில் அது வெறும் செவ்வெறும்பு. சங்கப் புலவர் இதனை முயிறு என்றனர். நற்றிணையில் அச்சொல் உண்டு. பின்னர் அது முசிறு எனவும் முசுறு எனவும் திரிந்தது. மலையாளத்தார் நீறு என்பதோடு மிசிறு என்றும் வழங்குவர். இத்துணைப் பழைய சொல் நம்மிடம் இருக்க, நாம் நிறத்தைக் கொண்டு பெயரிட்டு அமைதியடைந்தோம். அந்த நிறம் என்னை ஒருமுறை தவறு செய்ய வைத்தது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், சுங்கைப் பட்டாணியை அடுத்த ஒரு தோட்டப் பள்ளியில் அறிவியல் கற்பித்துவந்தேன். எறும்புக் குடும்பத்தை வரைந்து வண்ணம் தீட்டுமாறு பணித்தேன். ஒரு மாணவி வேலைக்கார எறும்புகளுக்குச் செம்மஞ்சளும் அரசிக்குப் பச்சையும் தீட்டியிருந்தாள். பச்சை எறும்பும் உண்டோ என்று சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேன். "வீட்டுக் கொய்யா மரத்துல பார்த்தேன் சார்" என்றாள். நான் செவிமடுக்கவில்லை.

அவள் கண்டது உண்மை. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலார் ஃபப்ரீசியஸ் 1775இல் இவ்வினத்துக்குப் பெயர் சூட்டியபோது, அவர் முன் இருந்தது இந்தியாவிலிருந்து சென்ற ஓர் அரசி. அதன் பசுமையைக் கண்டு 'ஸ்மரக்டினா' என்றார். மரகத நிறத்தது என்பது பொருள். நம் மரகதமும் அந்தக் கிரேக்கச் சொல்லும் உறவுடையவை என்பது மொழி ஆர்வலர்க்கு இனிக்கும் செய்தி. வேடிக்கை யாதெனில், அதே நூலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேலைக்கார எறும்புக்கு 'விரெசென்ஸ்' என மற்றொரு பெயரையும் அவர் இட்டார். அந்நாட்டில் வேலைக்கார எறும்புகளின் வயிறே பச்சையாக இருக்கும். இரண்டும் ஓரினமே எனப் பிற்கால அறிஞர் சேர்த்துவைத்தனர். மாபெரும் அறிஞரையே நிறம் அலைக்கழித்தது என்றால், என் சிவப்பு மைக்கு அது சிறிது ஆறுதல், மன்னிப்பு ஆகாது.

நம் நாட்டில் வேலைக்கார எறும்புகளுள் பெரியது 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம். அரசியோ 20 முதல் 25 மில்லிமீட்டர். அரசிக்குப் பச்சை கலந்த பழுப்பு நிறம். ஒன்றில் பச்சை மிகும், மற்றொன்றில் பழுப்பு மிகும். ஓரரசியே தன் வாழ்நாளில் ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை. கூட்டுப்புழுப் பருவம் நீங்கி வெளிவரும் எந்த எறும்புக்கும் மேல்தோல் முதலில் மென்மையாய், வெளிறி இருக்கும். நாட்கள் செல்லச் செல்ல அது இறுகிக் கருமை ஏறும். முட்டை நிறைந்து வயிறு பருக்கும்போது மேல்தோலின் கெட்டியான தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இடையிலுள்ள வெளிறிய சவ்வு பட்டை பட்டையாகத் தெரியும். அவ்வரசியை அதற்கு முன் கண்டவர் இது வேறொன்று என்றே சொல்வார்.

ஒருமுறை மழை விட்ட மாலையில் ஓர் இலைமடிப்பைப் பிரித்தேன். உள்ளே இரண்டு அரசிகள், ஒன்று இளம்பச்சை, ஒன்று பழுப்பு. பல அரசிகள் கூடிக் குடி தொடங்குவது இவ்வினத்தின் வழக்கங்களுள் ஒன்று என்பதைப் படித்திருந்தேன். படிக்காதிருந்தால் இரண்டு இனம் என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பேன். இனத்தை அறிய உணர்கொம்பின் 12 கணுக்களையும், இடையின் ஒற்றை முடிச்சையும் உருப்பெருக்கியால் நோக்குவதே தக்கது.

இது வெறும் பெயர் ஆராய்ச்சி அன்று. செம்பனை ஓலைகளைத் தின்று பை கட்டித் தொங்கும் புழுக்களை முயிறு வேட்டையாடுகிறது. பல மரங்களில் பரந்து, இலட்சக்கணக்கில் பெருகும் குடிக்கும் பெரும்பாலும் ஓரரசியே தாய். அவள் மடிந்தால் அவளிடத்தை நிரப்ப வேலைக்கார எறும்புகளால் இயலாது. குடி மெல்ல அற்றுப்போகும். எறும்பென்றால் சிவப்பு என்று மட்டும் கற்ற பிள்ளை, சிறகுதிர்த்த அந்தப் பச்சை உயிரை ஏதோ வண்டு என்று நசுக்கிவிடும். அப்படிக் கற்பித்தவன் நான்.

அம்மாணவியின் ஏட்டைத் திருத்தும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, அவள் குடும்பம் வேறிடம் பெயர்ந்தது. அதன்பின் எறும்பு வரையும் பாடத்தை நான் வகுப்பறையில் நடத்தியதில்லை. வண்ணப் பென்சில்களோடு பிள்ளைகளைக் கொய்யா மரத்தடிக்கே அழைத்துச் சென்றேன்.