கீறலை மறைத்த பூச்சு

வரிக்கணக்குப் பேச வருகிறவர் இன்று கார்ப் பூச்சைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இதுவும் கணக்குத்தான்.

எங்கள் வீட்டுக் கார் லீஸில் எடுத்தது. திருப்பிக் கொடுக்க மூன்று வாரம் இருக்கையில், கதவில் பெருவிரல் அளவில் தடித்த பெயின்ற் திட்டு ஒன்றைக் கண்டேன். கடைத் தள்ளுவண்டி உரசிய கீறலை, அப்பா ஏசுவார் என்று பயந்த மகள், சிறு போத்தல் பெயின்ற் வாங்கி இரவோடு இரவாகப் பூசி மறைத்திருக்கிறாள்.

அதை எடுக்கலாம். தொழிற்சாலையில் பூசும் மேற்பூச்சு சுமார் 140 பாகை செல்சியஸ் சூட்டில் இறுகியது. போத்தல் பெயின்ற் காற்றில் காய்ந்தது மட்டுமே. ஆகவே தின்னர் முதலில் இளக்குவது போத்தல் பெயின்றைத்தான்.

காரைக் கழுவித் துடைத்து, காற்றோட்டமான நிழலில் நிறுத்துங்கள். கையுறை போடுங்கள். நெருப்பு கிட்டவும் வரக்கூடாது. முதலில் கதவின் உள்விளிம்பில் சோதியுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அத்தோடு நிறுத்துங்கள். ஒட்டாவிட்டால், மென்மையான துணியில் லாக்கர் தின்னரைச் சிறிது தோய்த்து, திட்டில் மட்டும் சில விநாடி ஒற்றித் துடையுங்கள். இளகியதைப் பல்லுக்குச்சியால் எடுக்கலாம். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பொலிஷ் போடுங்கள். மேலிருக்கும் தெளிந்த பூச்சு தலைமயிரைவிட மெல்லியது. அழுத்தித் தேய்க்க வேண்டாம். பிளாஸ்ரிக் பம்பர், லைற், முன்பு கராஜில் மறுபூச்சுப் பூசிய இடம் ஆகியவற்றில் தின்னர் படக்கூடாது.

ஒரு சனிக்கிழமை காலை மகளும் நானுமாகத் திட்டை எடுத்தோம். அடியில் இருந்தது இரண்டு சென்ரிமீற்றர் கீறல், பிறைமர்கூடத் தெரியவில்லை. பிரித்தானிய வாகன வாடகை, லீஸ் நிறுவனங்களின் சங்கமான பி.வி.ஆர்.எல்.ஏ. வெளியிடும் வழிகாட்டியில், காரின் வயதையும் ஓடிய தூரத்தையும் பொறுத்து, பிறைமரோ உலோகமோ தெரியாத 25 மில்லிமீற்றர் வரையான கீறல் சாதாரணத் தேய்மானம்தான். அரைகுறைத் திருத்தத்துக்கே காசு கேட்பார்கள்.

கணக்குப் புத்தகத்திலும் இப்படித்தான். பிழைக்கு மேல் வெள்ளை மை பூசினால், சோதிப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். பிழையை விட்டுவிட்டு, திருத்தப் பதிவு எழுதுவதே முறை.

இதை மகளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "நீங்கள் ஏசமாட்டீங்கள் எண்டால் அண்டைக்கே சொல்லியிருப்பன், அப்பா."

அது என் பக்கத்துப் பிழை. அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.