அடிக்குறிப்பில் ஓர் ஆண்டு

தோழர்களே, ஆய்வு மாணவர்களே, ‘அயோத்திதாசர், 1999’ என்று மட்டும் அடிக்குறிப்பு போடாதீர்கள். நமக்குப் பக்கத்து நீலகிரியில் வளர்ந்த பண்டிதர் 1914இல் மறைந்தார். 85 ஆண்டு கழித்தா எழுதினார்? 1999 என்பது ஞான. அலாய்சியஸ் தொகுத்த முதல் தொகுதிகள் வெளிவந்த ஆண்டு. பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது 1907இல். ஈரோட்டில் ‘குடிஅரசு’ வந்தது 1925இல். இதழின் தேதியை விட்டுவிட்டால், யார் முன்னே பேசினார் என்ற வழக்கில் நம் சாட்சியை நாமே கலைக்கிறோம். ஆகவே கட்டுரைத் தலைப்பு, இதழ் தேதி, அப்புறம் தொகுதி, தொகுப்பாசிரியர், பக்கம்.

மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் மாறிவிடும். அங்கே இயலையும் உட்தலைப்பையும் கொடுங்கள். எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். அச்சுநூலின் பிடிஎஃப் என்றால், திரை காட்டும் எண்ணை விட்டு, தாளில் அச்சான எண்ணை எடுங்கள்.