கடல் அட்டையும் நம் வகுப்பறையும்

(கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



கடத்தல் என்றால் பலருக்குத் தங்கமும் கஞ்சாவும்தான் நினைவுக்கு வரும். ராமநாதபுரம் கரையில் பாடம் நடத்தும் நமக்கு அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: கடல் அட்டை. வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவர்கள் இதை இரத்தம் உறிஞ்சும் அட்டை என்று எண்ணிவிட வேண்டாம். இது நட்சத்திர மீனுக்கு உறவு. நம் பாடநூல் சொல்லும் முட்தோலி.

என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “சார், சிலோன்ல இத வளக்குறாங்க, விக்கிறாங்க. நாம பிடிச்சா மட்டும் ஏன் சார் ஜெயில்?”

நியாயமான கேள்வி. ‘சட்டம் அப்படி’ என்று முடித்துவிட்டால் அவன் மறுபடி நம்மிடம் எதையும் கேட்க மாட்டான்.

விடையை உயிரியலில் இருந்து தொடங்கினேன். வெள்ளை அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளை உண்டு, மீதி மணலை வெளியேற்றுகிறது. வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலடிக்கு இது அப்படி. ஆணும் பெண்ணும் கருச்செல்களைத் தண்ணீரில்தான் விடுகின்றன. பக்கத்தில் இணை இல்லையென்றால் அவை வீணாகிவிடும். அதனால் ஓர் இடத்தில் ஓரளவுக்கு மேல் அள்ளிவிட்டால், மிச்சமிருப்பவை உயிரோடு இருந்தும் இனம் பெருகாது.

1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. 2001இல் எல்லா வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை.

இலங்கையிலோ உரிமத்தோடு பிடிக்கலாம், பண்ணையிலும் வளர்க்கலாம். கடத்தல் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். இங்கே குடல் நீக்கி, அவித்து, காயவைத்தால் எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மூட்டை கைக்கு அடக்கம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அக்கரை சேர்ந்து அங்குள்ள சரக்கோடு கலந்துவிட்டால், எது எந்தக் கடலில் பிடித்தது என்று யார் சொல்ல முடியும்? ஹாங்காங் கடையில் எல்லாம் ஒன்றுதான்.

வனத்துறை, கடலோரக் காவல்படை, சுங்கத்துறை என எல்லோரும் பிடிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் சிக்குவது மூழ்கி எடுப்பவரும் மூட்டை தூக்குபவரும். விலை பேசுபவர் கரைக்கே வருவதில்லை. வலையில் தானாக ஏறிய அட்டைக்கும் வழக்கா என்ற மீனவர்களின் குறையை நான் தள்ளிவிட மாட்டேன். அளவோடு பிடிக்க அனுமதிக்கலாமா என்ற விவாதமும் நடக்கிறது. முறையான கணக்கெடுப்பு இல்லாமல் தடையைத் தளர்த்தக் கூடாது என்பது என் எண்ணம். இன்னொன்றும் மாணவர்களிடம் சொல்வேன்: 1988இலேயே தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்துவிட்டார்கள். அந்தத் தொழில்நுட்பம் நம் கரையிலேயே பிறந்தது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நம் வேலை இனிமேல்தான் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை, வந்தாலும் தூங்குகிறான், கையில் புது செல்போன். காரணம் பத்து இருக்கலாம். ஆனால் மூட்டை தூக்கவும் காவல் நிற்கவும் சிறுவர்களைத் தேடுகிறவர்கள் உண்டு, ‘சின்னப் பையனை ஒன்றும் செய்ய மாட்டார்கள்’ என்ற தைரியத்தில். குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

வகுப்பில் ‘யார் வீட்டில் அட்டை எடுக்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையை அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்க நமக்கு உரிமையில்லை. பையனைத் தனியாக அழைத்து, ‘ஏன் வரலை’ என்று மட்டும் கேளுங்கள். யாரோ மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098க்கு அழையுங்கள்.