மோட் போட்டதும் மூடிக்கொள்ளும் கேம்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மைன்கிராஃப்ட் என்ற பெயர் காதில் விழாமல் இருக்காது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் மோஜாங் நிறுவனம் 2011 நவம்பரில் முழுமையாக வெளியிட்ட கேம் அது. அதன் ஜாவா பதிப்புக்கு ரசிகர்களே எழுதிய சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மோட் என்பார்கள். புது மிருகம், புது ஆயுதம், ரயில் வண்டி, எது வேண்டுமானாலும் கேமுக்குள் கொண்டுவரலாம்.

கொண்டுவந்த பிறகுதான் வம்பு. பிளே பட்டனை அழுத்தினால் சிவப்புத் திரை வரும், பாதி தூரம் ஓடும், சட்டென்று எல்லாம் மறைந்துவிடும். 'எக்ஸிட் கோட் 1' என்று மட்டும் ஒரு செய்தி நிற்கும். அதற்கு 'ஏதோ கோளாறில் நின்றுவிட்டது' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு யூடியூபில் அலைவது வீண். கேமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதும் பெரும்பாலும் வீண்தான். மோட்கள் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. நீங்கள் எத்தனை தடவை கேமைப் போட்டாலும் அவை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த கேம் மரண வாக்குமூலம் எழுதி வைத்துவிட்டுத்தான் சாகிறது. மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் 'கிராஷ் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அது காலியாக இருந்தால் 'லாக்ஸ்' ஃபோல்டரில் 'லேட்டஸ்ட்' என்ற கோப்பைத் திறங்கள். கிராஷ் ரிப்போர்ட்டில் முதலில் ஒரு நக்கல் வரி இருக்கும். உங்கள் கடுப்பைக் கிளப்பவே எழுதியதுபோல. அதை விடுங்கள். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான வரிகள். எல்லாம் படிக்க வேண்டாம். 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளை மட்டும் தேடுங்கள். பல இருந்தால், கடைசியாக வருவதுதான் பெரும்பாலும் மூல காரணம். அதன் அருகிலேயே ஏதாவது ஒரு மோடின் பெயர் தட்டுப்படும்.

அடிக்கடி அகப்படும் குற்றவாளிகள் சிலர்தான். மோட்களை ஏற்றும் ஃபோர்ஜ் என்ற மென்பொருளுக்கு எழுதிய மோடை, ஃபேப்ரிக் என்ற வேறொன்றில் போட்டிருப்பார்கள். கேமின் பதிப்பு ஒன்று, மோடின் பதிப்பு வேறு. அந்த மோட் சார்ந்திருக்கும் துணைக் கோப்பு இருக்காது; ஃபேப்ரிக் மோட்களில் பலவற்றுக்கு 'ஃபேப்ரிக் ஏபிஐ' இல்லாமல் ஆகாது. ஜாவாவும் பொருந்த வேண்டும்: 1.18 பதிப்புக்கு ஜாவா 17 வேண்டும், 1.20.5 பதிப்புக்கு ஜாவா 21. 'அவுட் ஆஃப் மெமரி' என்று எழுதியிருந்தால் லாஞ்சரில் ராம் ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டியதுதான். எட்டு ஜிபி உள்ள மெஷினில் நாலு கொடுத்தால் போதும். முழுவதையும் தூக்கிக் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத் திணறும்.

ரிப்போர்ட்டில் எந்தப் பெயரும் பிடிபடவில்லையா? பாதிக்குப் பாதி முறைதான் வழி. 64 மோட்கள் என்றால் 32ஐ வெளியே எடுத்து வைத்துவிட்டு கேமை ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு வெளியே எடுத்த பாதியில். ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் பாதியில். கோளாறுள்ள பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆறே சுற்றில் ஒரு மோடில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றினால் 64 தடவைகூட ஆகலாம். துணைக் கோப்புகளை மட்டும் கழற்றாதீர்கள், அப்புறம் இல்லாத கோளாறெல்லாம் வரும். இரண்டு பாதியும் தனித்தனியே ஒழுங்காக ஓடி, சேர்த்தால் மட்டும் விழுகிறதென்றால் சண்டை இரண்டு மோட்களுக்கு இடையில். ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம் பிள்ளை மாதக்கணக்கில் கட்டிய உலகத்தில் செய்து பார்க்காதீர்கள். ஒரு மோடை எடுத்துவிட்டு அந்த உலகத்தைத் திறந்தால், அந்த மோட் தந்த கட்டைகளும் பொருள்களும் காணாமல் போகும். சில பதிப்புகள் எச்சரிக்கும், சில எச்சரிக்காது. உலகம் அப்படியே சேவ் ஆகிவிட்டால், மோடைத் திரும்பப் போட்டாலும் போனது போனதுதான். 'சேவ்ஸ்' ஃபோல்டரை முதலில் நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். சோதனைக்குப் புதிதாக ஓர் உலகத்தைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.